அண்ணன் போட்ட கரணம்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். காலையில் முழங்காலிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்குகிறவர்களுக்கு. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து இன்று செவ்வாயா புதனா என்று தெரிந்துகொள்கிறவர்களுக்கு. இளசுகளிடம் சொல்லலாம்தான், ஆனால் அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே "அப்புறம்?" என்பார்கள். அந்த "அப்புறம்" என்னை ரொம்பக் களைப்பாக்குகிறது.

எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் தெர்மாகோல் மாதிரி ஏதோ ஒன்றில் செய்த விமானத்தை ரிமோட்டில் பறக்க விடுகிறார்கள். விழுகிறது, உடைகிறது, பசை தடவி மறுபடி விடுகிறார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பொறாமைதான். எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு விமானம் வந்தது. அதைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம், ஒட்டிச் செய்ய இரண்டு மாதம். அது பறந்தது நாலு ஞாயிறும் ஒரு வியாழனும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணனுக்குப் பதினேழு, பிளஸ் டூ. ஓசூர் இவ்வளவு பெரிய ஊராகியிருக்கவில்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் தெருவில் மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர் என்று எல்லோரும் பிழைக்க வந்தவர்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். காலை ஐந்தே முக்காலுக்கு முக்கில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், குளிரில் மங்கி குல்லா போட்ட அப்பாக்கள் ஏறிப் போவார்கள்.

எங்கள் அப்பா டூல் ரூமில் இன்ஸ்பெக்‌ஷன். மற்றவர்கள் கடைந்து, அறுத்து, தேய்த்துக் கொண்டுவரும் இரும்பை அளந்து பார்த்து, சரி அல்லது தள்ளுபடி என்று சொல்வதுதான் வேலை. தள்ளுபடி என்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு தீற்று. நடுவில் எதுவும் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். இட்லியைக்கூட ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் பிட்டுச் சாப்பிடுவார். அம்மா, "அளந்துட்டியளா, சாப்பிடலாமா?" என்பாள்.

கப்பலில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். அதில் இரண்டு குச்சிகள் முளைத்த ஒரு ரேடியோப் பெட்டி, நீளமான ஏரியல், இறக்கையையும் வாலையும் அசைக்கத் தீப்பெட்டி அளவில் நாலு சின்ன மோட்டார்கள், உள்ளங்கையில் அடங்கும் ஒரு என்ஜின். விமானம் மட்டும் இல்லை. "அது பெங்களூர்லயே கெடைக்கும்க்கா, மாப்ளைக்குப் புடிச்சதை வாங்கிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டார். மாப்ளை என்றது அண்ணனை.

அண்ணன் விமானப்படையில் சேர வேண்டும் என்று ஒரே ஒரு முறை, அதுவும் தட்டைப் பார்த்துக்கொண்டு, சொல்லியிருந்தான். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சும்மா பறக்கிறதைக் காக்கைகூடச் செய்யும், இவன் கரணம் போடக் கற்க வேண்டும், தலைகீழாக ஓட்டக் கற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படிக் கற்பதற்கு முதல் விமானமாக எதை வாங்குவது என்பது எங்கள் வீட்டுப் பிரச்சினையாயிற்று. ஒரு மாதம் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு.

யோசனை சொன்னவர் பக்கத்து ஜூஜுவாடியில் இருந்த ஏர்ஃபோர்ஸ்காரர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாடல் விமானம் விடுகிறவர். அப்பாவுக்கு எப்படியோ பழக்கம்.

"கரணம் போடணும்னு கரணம் போடற பிளேனையே மொதல்ல வாங்காதீங்க சார்," என்றார். "மேல ரெக்கை வெச்சது வாங்குங்க. ரெக்கை ரெண்டும் லேசா மேல தூக்கினாப்ல இருக்கும். பையன் பயந்து குச்சிய வுட்டா, அதுவே நிமிந்துக்கும். ஒரு நாலு மாசம் அது. அப்பறம் கீழ் ரெக்கை பிளேன்."

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "தானா நிமிந்துக்கிடுமா? அப்ப ஓட்டுதவன் எதுக்கு? அவன் என்னத்தப் படிப்பான்?"

"பிளேன உசிரோட வெச்சுக்கப் படிப்பான் சார்."

கடைசியில் எல்லோரும் பெங்களூரில் மாடல் விமானச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். சின்னக் கடை, விமானம் செய்கிற லேசான பால்சா கட்டையின் தூள் வாசனை. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்து, "யாவுது பேக்கு சார்?" என்று கன்னடத்தில், எது வேண்டும் எனக் கேட்டார். ஒன்றின் மேல் மஞ்சள் நிறத்தில் மேல் இறக்கை விமானம், சாதுவாக. இன்னொன்றின் மேல் சிவப்பாக, கீழ் இறக்கை வைத்து, தலைகீழாகப் பறப்பது போலவே படம் போட்ட விமானம். நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்பார்கள் என்று நானும் நினைக்கவில்லை. அப்பா, "ஏலே, எதுடா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் மஞ்சளைக் காட்டினான். ஏன் என்று பஸ்ஸில் ரகசியமாகக் கேட்டேன். "அந்தப் பெட்டிதான் பாப்பா சின்னதா இருந்துச்சு. பஸ்ல எடுத்துட்டு வர்றதுக்கு," என்றான். அவன் அப்படித்தான். யாருக்கும் சிரமம் தராத பதிலாகத் தேடிச் சொல்வான்.

பெட்டிக்குள் இருந்தது வெறும் கட்டைத் துண்டுகளும் வரைபடமும்தான், ஒட்டி விமானமாகச் செய்தது அப்பா. கிருஷ்ணகிரி ரோட்டில் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்திலிருந்து மூலை உடைந்த ஒரு கறுப்புக் கல் பலகை கொண்டுவந்திருந்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. அதன் மேல் வைத்துத்தான் ஒவ்வொரு குச்சியையும் ஒட்டினார். டூல் ரூமில் எந்தப் பாகத்தையும் இப்படிச் சமதளத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் விளக்கு காட்டிப் பார்ப்பார்களாம். அடியில் வெளிச்சம் தெரிந்தால் கோணல், கோணல் என்றால் தள்ளுபடி. வீடு முழுக்க, இறக்கைத் தாளுக்குப் பூசும் டோப் வாசனை. நகப்பாலிஷைக் குடம் குடமாகக் கொட்டியது போல இருக்கும். அம்மாவுக்குத் தலைவலி வந்து கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இறக்கையின் இரண்டு பாதிகளையும் சேர்க்கிற நாள் வந்தது. வரைபடத்தில் இரண்டு நுனியும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பா அப்படியே வைத்துப் பார்த்தார். கல்லுக்கும் இறக்கைக்கும் நடுவில் நாலு விரற்கடை வெளிச்சம். விளக்கை அணைத்தார், போட்டார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இருபது வருடமாக வெளிச்சத்தைத் தேடித் தள்ளியவர். தன் கையால் செய்த பொருளை, தன் மகனுக்குச் செய்ததை, இவ்வளவு வெளிச்சத்தோடு விட அவரால் முடியவில்லை. இறக்கையை ஒரே தட்டையாக ஒட்டிவிட்டார். "இப்ப பாரு, ஒரு மசிரு நொழையாது," என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

இன்றைக்கு நினைத்தால் அங்கேதான் எல்லாம் கோணிப்போனது. அந்தத் தூக்கல் இருந்தால்தான் விமானம் தானாக நிமிரும். தட்டையாக்கியதும், கற்பவனுக்காக வாங்கிய விமானம் கற்பவனை மன்னிக்காத விமானமாகிவிட்டது.

பேரிகைப் பக்கம் ஏதோ கம்பெனி வரப்போகிறது என்று பெரிய நிலத்தைச் சமன்படுத்திப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் ராகிக் காடு, ஓரத்தில் ஜல்லிக் குவியல்கள். அங்கேதான் பறக்கவிட்டோம். முதல் ஞாயிறு ஏர்ஃபோர்ஸ்காரர் இறக்கையைப் பார்த்ததுமே, "என்ன சார் இது, ரெக்கைய நேராக்கிட்டீங்க?" என்றார். "கோணலா இருந்துச்சு," என்றார் அப்பா. ஏர்ஃபோர்ஸ்காரர் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு என்ஜின் பக்கம் போனார்.

என்ஜின் கிளம்பியதும் எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் கருகும் வாசனை வந்தது. அந்த வாசனை இப்போது எங்கேயும் கிடையாது. கிடைத்தால் ஐந்து நிமிடம் நின்று மோந்துவிட்டு வருவேன். ஏர்ஃபோர்ஸ்காரர் விமானத்தை உயரே கொண்டுபோய்ச் சுற்றிவிட்டு, பக்கவாட்டில் ஒரு முழுப் புரட்டுப் புரட்டினார். நாங்கள் எல்லாவற்றையும் கரணம் என்றுதான் சொல்வோம். "தட்டையா இருக்கறதால சுத்தறது நல்லா சுத்துது சார்," என்று அப்பாவுக்கு ஒரு கையை எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டி விளக்கினார். "மூக்கை லேசா தூக்கிட்டு சுத்தணும். தலைகீழா போறப்ப இந்தக் குச்சிய கொஞ்சம் முன்னால தள்ளணும். தள்ளலேன்னா மூக்கு தொங்கிடும். உயரத்துல இருந்தா தப்பிக்கலாம். தாழ இருந்தா முடிஞ்சுது." அப்பா தலையாட்டினார். அண்ணன் கேட்கவே இல்லை, அடுத்தது தன் முறை என்று விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டது நான்.

பிறகு பெட்டியை அண்ணனிடம் கொடுத்தார். நாலு விநாடி. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே இறங்கியது. ஏர்ஃபோர்ஸ்காரர் பிடுங்கி நிமிர்த்தினார். அடுத்த இரண்டு ஞாயிறும் இப்படியே. நம்மைவிட்டுப் போகும்போது சரியாக இருக்கும். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடது வலதாகிவிடும், அங்கேதான் அண்ணன் குழம்பினான். இறக்கையை மறுபடி தூக்கி ஒட்டச் சொல்லி ஏர்ஃபோர்ஸ்காரர் கெஞ்சாத குறை. அப்பா, "சாமான்ல கொற இல்ல. பயலுக்குக் கவனம் இல்ல," என்று முடித்துவிட்டார்.

நான் வீட்டில் இரண்டு உருளைக்கிழங்கில் இரண்டு பென்சிலைக் குத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஓட்டுவேன். அப்படி ஓட்டும்போதுதான் ஒன்று பிடிபட்டது. எதிரே வரும்போது இடதா வலதா என்று யோசிக்கவே வேண்டாம். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைச் சாய்த்தால் போதும், நிமிர்ந்துவிடும். அண்ணனிடம் சொன்னேன். நாலாவது ஞாயிறு அவன் முதல் முறையாக ஒரு முழுச் சுற்று ஓட்டினான். இறங்கும்போது மட்டும் ஏர்ஃபோர்ஸ்காரர் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன் என் தலையில் தட்டி, "நீ மட்டும் பையனாப் பொறந்திருந்தேன்னா..." என்றான். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த இரண்டு படிவங்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று விமானப்படைத் தேர்வுக்கு. இன்னொன்று கம்பெனியில் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அப்ரண்டிஸ் வேலைக்கு. இரண்டுக்கும் கடைசித் தேதி அடுத்த வாரம்.

"வார ஞாயித்துக்கெழம தனியா ஏத்தி, ஒரு ரவுண்டு அடிச்சு, தனியா எறக்கு. எறக்கிட்டேன்னா இது," என்று முதலாவதைத் தொட்டார். "இல்லன்னா அது."

"ரெண்டையும்தான் போடுங்களேன்," என்றாள் அம்மா.

"ரெண்டு மனசா இருக்கவன் ரெண்டுலயும் உருப்பட மாட்டான்," என்றார். கெட்டவர் இல்லை அப்பா. பிள்ளையையும் அளந்து பார்த்தார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த அன்பு அது.

அந்த வியாழக்கிழமை அரையாண்டுப் பரீட்சை முடிந்த லீவு. அப்பா முதல் ஷிஃப்ட். அண்ணன் ரகசியமாகப் பழகிப் பார்க்கலாம் என்றான். சைக்கிளின் பின்னால் நான் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. நான் வாலைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் என்ஜினைத் தட்டிக் கிளப்பினான்.

அழகாக ஏற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் விமானம் வெயிலுக்குள் போய் வெளியே வந்தபோது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. "பாப்பா, புடி புடி" என்று பெட்டியை என் கையில் திணித்தான். நான் தாழ்ந்த இறக்கைப் பக்கம் குச்சியைச் சாய்த்தேன். நிமிர்ந்தது. அவ்வளவு லேசாக. உருளைக்கிழங்கில் செய்ததேதான்.

"அப்பாடா," என்றான். "குடு, எறக்கிடறேன்."

நான் கொடுக்கவில்லை.

இதைத்தான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அவன் கையை நீட்டினான், நான் திரும்பி நின்றுகொண்டேன். மூக்கை லேசாகத் தூக்கினேன். குச்சியை ஓரம்வரை சாய்த்தேன். விமானம் புரண்டது. வயிறு வானத்தைப் பார்த்த நொடியில் மற்ற குச்சியை முன்னால் தள்ளினேன், மூக்கு தொங்கவில்லை. முழுதாகச் சுற்றி, ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போயிற்று. என் வாழ்க்கையில் கல்யாணம், வேலை, பிள்ளைகள் எல்லாம் வந்தன. எதுவும் அந்த இரண்டு விநாடிக்கு ஈடில்லை. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"போதும் பாப்பா! குடு!" என்று அண்ணன் கத்தினான். இன்னொன்று என்றேன். முதல் கரணத்திலேயே உயரம் குறைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. இந்த முறை தலைகீழானபோது தள்ள மறந்துவிட்டேன். மூக்கு தொங்கியது. ஜல்லிக் குவியலில் போய் விழுந்த சத்தம் தகர டப்பாவை மிதித்த மாதிரி இருந்தது. என்ஜின் தனியாகத் தெறித்துக் கிடந்தது. இறக்கை அப்பா ஒட்டிய இடத்தில் மட்டும் உடையவே இல்லை.

நான் அழுதேன். அண்ணன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கறேன். உன் கையில குடுத்தேன்னு தெரிஞ்சா அதுக்கு வேற தனியா அடி விழும்," என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மூன்றரைக்கு அப்பா வந்தார். கல் பலகைமேல் துண்டுகளை அண்ணன் வரிசையாக வைத்திருந்தான். அப்பா அடிக்கவில்லை. எப்படி விழுந்தது என்று கேட்டார். கரணம் போட்டேன் என்றான் அண்ணன்.

"எறக்கத் தெரியாதவன் பொரட்டுவானா? யாரு சொன்னா ஒன்ன பொரட்டச் சொல்லி?"

அண்ணன் உடைந்த துண்டு ஒன்றை நேராக நகர்த்தி வைத்தான். நான் கதவோரம் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். "நான்" என்ற ஒரு சொல். திறக்கவில்லை. பயம்தான் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பயம் மட்டும் இல்லை. உள்ளுக்குள் அந்த முதல் கரணம் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்பா அப்ரண்டிஸ் படிவத்தை எடுத்து, தன் அழகான பெரிய எழுத்துகளில் அண்ணன் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அம்மா மட்டும், "ஒரு தடவ விழுந்ததுக்கா?" என்றாள். "அவசரக்காரனுக்கு ஆகாசம் ஆகாது," என்றார் அப்பா. அதன்பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், பயல் அவசரக்காரன் என்றே சொன்னார். உலகத்திலேயே நிதானமான பையனுக்கு அந்தப் பெயர். அப்பா போய்ச் சேரும்வரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள நான் காரணம் எதுவும் கொடுக்கவில்லை.

அண்ணன் கம்பெனியில் சேர்ந்தான். அப்ரண்டிஸ், ஆபரேட்டர், பிறகு அப்பா பார்த்த அதே இன்ஸ்பெக்‌ஷன். அவன் கையைத் தாண்டி ஒரு தப்புச் சாமான் வெளியே போனதில்லை என்பார்கள். விமானத்தில் அவன் ஏறியதே ஒரே ஒரு முறை, மகளைப் பார்க்கப் புனேவுக்குப் போனபோது.

போன மாதம் அவனுக்குக் கம்பெனி கேண்டீனில் ஓய்வு பெறும் விழா. மாலை போட்டு, சால்வை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசவே மாட்டானே என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு பதினேழு வயசுல ஒரு சின்ன பிளேன் ஓட்டினேன்ங்க," என்று ஆரம்பித்தான். பேரிகை, பனி, விளக்கெண்ணெய் வாசனை எல்லாம் சொன்னான். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். "தலைகீழா போறப்ப குச்சிய முன்னால தள்ளணும்ங்க. தள்ளினேன். மூக்கு தொங்கவே இல்ல. முழுசா ஒரு கரணம். அந்த மாதிரி ஒரு நிமிசம் அப்பறம் வரல." மொத்த கேண்டீனும் கைதட்டியது. அவன் பேரன் எழுந்து நின்று விசிலடித்தான்.

இன்னும் எனக்காகத்தான் மறைக்கிறான் என்று நினைத்தேன். சாப்பாடு முடிந்து அவன் தனியாக நின்றபோது கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

"அண்ணே, அன்னிக்கு அந்தக் கரணம்..."

"ஆமா பாப்பா," என்றான். அவன் கண்ணில் ஈரம். "நீதான பக்கத்துல இருந்தே. நீ ஒருத்திதான் பாத்தே. கைதட்டினியே, ஞாபகம் இருக்கா?"

அவன் முகத்தையே பார்த்தேன். விளையாட்டு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நாற்பது வருடமாக அப்பாவிடம், நண்பர்களிடம், மனைவியிடம், பிள்ளைகளிடம் நான்தான் ஓட்டினேன், நான்தான் புரட்டினேன் என்று சொல்லிச் சொல்லி, அவன் விரல்களுக்கே அது ஞாபகமாகிவிட்டது. விழுந்ததை எனக்காக எடுத்துக்கொண்டவன், பறந்ததையும் எடுத்துக்கொண்டுவிட்டான், தெரியாமலே. எனக்கு நெஞ்சு எரிந்தது. என்னிடம் இருந்த ஒரே ஒரு பொருள் அது. திருப்பிக் கேட்கலாம். கேட்டால் அவனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மாலையும் சால்வையும்தான்.

"இருக்குண்ணே," என்றேன். "கை வலிக்க வலிக்கத் தட்டினேன்."